ஆல்பெர்ட்டோவின் இறந்தகாலம்

1973-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு மொழி ஆய்வு நடந்தது. நடத்தியது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கோர்ட்னி காஸ்டனும் அவரது குழுவும். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஆறு பேர் ஆங்கிலத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பத்து மாதம் ஒலிப்பதிவு செய்துகொண்டே வந்தார்கள். இரண்டு குழந்தைகள், இரண்டு பள்ளிச் சிறுவர்கள், இரண்டு பெரியவர்கள். சும்மா உட்கார்ந்து பேசிய பேச்சும் பதிவில் உண்டு, விருந்துக்கும் உணவகத்துக்கும் அழைத்துப்போய்ப் பேசவிட்டதும் உண்டு. ஆறு பேரில் ஒருவர் மட்டும் பத்து மாதம் கழித்தும் ஏறக்குறையத் தொடங்கிய இடத்திலேயே நின்றார். கோஸ்டா ரிகாவிலிருந்து வந்த, 33 வயதுக்காரர். ஆய்வில் அவர் பெயர் ஆல்பெர்ட்டோ.

குழுவில் இருந்த ஜான் ஷூமன் இவரைத் தனியாக எடுத்து அலசி 1978-ல் வெளியிட்டார். இரண்டாம் மொழி கற்றலைப் பற்றிப் படிக்கிற யாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஆல்பெர்ட்டோவைச் சந்தித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அவரது எதிர்மறை வாக்கியங்களுக்காகத்தான் அவரைப் பேசுவார்கள்: ‘டோன்ட்’ வரவேண்டிய இடத்தில் ஸ்பானிஷ் பாணியில் வினைக்கு முன்னால் வெறும் ‘நோ’ போட்டே காலத்தை ஓட்டியவர் அவர். எனக்கு அவரது இறந்தகாலத்தில்தான் அக்கறை. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஆங்கில இறந்தகாலத்தையும் காலம் காட்டும் வினையடைகளையும் எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தப் பழைய எண்களில் இன்னும் எடுக்கப்படாத சரக்கு இருக்கிறது.

ஆள் எப்படிப்பட்டவர்

ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம், வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆங்கிலம் படித்திருந்தார். அமெரிக்காவில் தொழிற்சாலை வேலை. அதே கோஸ்டா ரிகா தம்பதி ஒருவரோடு தங்கியிருந்தார், அக்கம்பக்கத்தில் போர்த்துகீசியர்கள் அதிகம். ஆங்கிலம் புரியாது என்று தொலைக்காட்சிப் பெட்டி வாங்கவில்லை. ஆனால் விலை கூடிய ஸ்டீரியோ வாங்கி ஸ்பானிஷ் பாட்டுக் கேட்டார். அமெரிக்காவில் பக்கத்திலேயே ஆங்கில வகுப்பு இருந்தது, அதற்குப் போகாமல் பகல் வேலையோடு இராத்திரி வேலையும் பார்த்தார். கூலிக்காரன் கணக்கு அது, குறை சொல்ல என்ன இருக்கிறது?

அறிவுத்திறனில் குறையா என்று, சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் முறையிலான சோதனை வைத்தார்கள். ஒரு குறையும் இல்லை. வயதுதான் காரணம் என்ற வாதத்தையும் ஷூமன் ஒப்பவில்லை. ஆங்கிலம் பேசும் சமூகத்திலிருந்து ஆல்பெர்ட்டோ விலகி நின்றார், அந்தச் சமூக, மன தூரமே அவரது மொழியைச் சுருக்கிவிட்டது என்பது ஷூமனின் முடிவு. இரு இனத்தார் வியாபாரத்துக்காக மட்டும் சந்திக்கும் இடங்களில் இலக்கணம் உதிர்ந்த கலப்பு மொழி ஒன்று பிறக்குமே, அதே காரியம் ஒரே மனிதருக்குள் நடந்திருக்கிறது என்றார்.

ஒரே மனிதர், நான்கு எண்கள்

ஓர் இலக்கண உருபு கட்டாயம் வரவேண்டிய இடங்களை எண்ணி, அவற்றில் எத்தனையில் அது உண்மையில் வந்தது என்று பார்ப்பது இந்த ஆய்வுகளின் வழக்கம். ஆல்பெர்ட்டோவிடம் பன்மை ‘எஸ்’ 85 சதவீத இடங்களில் வந்தது. உடைமை காட்டும் ‘எஸ்’, அதாவது ‘ஜான்ஸ் ஹவுஸ்’ என்பதில் வருவது, 9 சதவீதம். ‘வென்ட்’, ‘சா’, ‘கேம்’ போன்ற ஒழுங்கற்ற இறந்தகால வடிவங்கள் 65 சதவீதம். ‘வொர்க்’ என்பதை ‘வொர்க்ட்’ ஆக்கும் ஒழுங்கான ‘ஈடி’ விகுதி 7 சதவீதம்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சமூக தூரம் என்ற விளக்கம் தள்ளாடுகிறது. தூரம் ஒன்றுதான், மனிதரும் ஒருவர்தான். அப்படியிருக்க 85 எங்கே, 7 எங்கே? மொத்தத்தில் ஏன் குறைவாகக் கற்றார் என்பதற்குத் தொழிற்சாலையும் ஸ்டீரியோவும் பதில் சொல்லலாம். எதைக் கற்றார், எதை விட்டார் என்பதற்கு அவற்றிடம் பதில் இல்லை.

உச்சரிப்புச் சிக்கல் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. பன்மைக்கும் உடைமைக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. ஒன்று 85, மற்றது 9. நாக்கு ஒரு ‘ஸ்’ஸைச் சொல்லிவிட்டு அடுத்த ‘ஸ்’ஸுக்கு மட்டும் மக்கர் பண்ணாது. வித்தியாசம் தாய்மொழியில் இருக்கிறது. ஸ்பானிஷில் பன்மைக்கு ‘எஸ்’ உண்டு: ‘காசா’ வீடு, ‘காசாஸ்’ வீடுகள். உடைமைக்கு அப்படி விகுதியே கிடையாது, ‘லா காசா தே ஹுவான்’ என்று நடுவில் ‘தே’ போட்டுச் சொல்வார்கள்.

அதே அளவுகோலை இறந்தகாலத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். ஸ்பானிஷ் வினைச்சொல் நம் வினைச்சொல்லைப் போலத்தான்: ‘நடந்தேன்’ என்ற ஒரே சொல்லில் செயல், காலம், ஆள் மூன்றும் அடங்குவதுபோல ‘காமினே’ என்பதிலும் மூன்றும் அடங்கும். காலத்தை வினையின் வாலில் ஒட்ட வேண்டும் என்பதை ஆல்பெர்ட்டோவுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 65 சதவீதம் அதற்குச் சாட்சி. அப்படியானால் 7 ஏன்?

இங்கேதான் ஒலி வருகிறது. ஸ்பானிஷ் சொற்கள் உயிரெழுத்தில் முடியும், அல்லது ன், ஸ், ர், ல், த் போன்ற ஒற்றை மெய்யில் முடியும். இரண்டு மெய் சேர்ந்து முடிவது கடன் வாங்கிய சொற்களைத் தவிர அநேகமாக இல்லை. ‘வொர்க்ட்’, ‘வாஷ்ட்’, ‘ஹெல்ப்ட்’ என்று கடைசியில் மெய்கள் நெருக்கியடிக்கும்போது அந்தக் காது கடைசி ‘ட்’டைக் கேட்பதே இல்லை. அதுவும் வேகமாகப் பேசும் அமெரிக்கர் வாயில் ‘வாஷ்ட் த கார்’ என்பதில் அந்த ‘ட்’ பேசுகிறவரிடமே பாதி விழுங்கப்பட்டுவிடும். ‘வென்ட்’டுக்கு இந்த ஆபத்து இல்லை. அதிலும் கடைசியில் இரட்டை மெய்தான், ஆனால் ‘ட்’ விழுந்து ‘வென்’ என்று நின்றாலும் ‘கோ’ அல்ல என்று தெரிந்துவிடும்.

ஆக, இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். தாய்மொழியில் அந்தக் கருத்துக்கு ஒரு விகுதி இருக்க வேண்டும், ஆங்கில விகுதியின் ஒலியும் காதில் விழ வேண்டும். பன்மைக்கு இரண்டும் திறந்திருக்கின்றன, ஒழுங்கற்ற இறந்தகாலத்துக்கும் அப்படியே. உடைமைக்கு ஒலி சரி, தாய்மொழி விகுதி இல்லை. ‘ஈடி’க்குத் தாய்மொழித் துணை உண்டு, ஒலி அடைத்துக்கிடக்கிறது. 85, 65, 9, 7. இது என் வாசிப்பு, ஷூமனின் வாசிப்பு அல்ல.

இதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சியும் இருக்கிறது. 1983-ல் ரிச்சர்ட் ஷ்மிட் வெளியிட்ட ஆய்வில் வரும் வெஸ், ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய ஓவியர். ஆல்பெர்ட்டோவுக்கு நேர் எதிர்: ஆங்கிலம் பேசும் நண்பர்கள், அமெரிக்க வாழ்க்கையில் முழு ஈடுபாடு, கலகலப்பான பேச்சு. தூரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் அவரது ஒழுங்கற்ற இறந்தகாலம் 25-லிருந்து 55 சதவீதத்துக்கு ஏறியது. ‘ஈடி’ தொடக்கத்தில் சுழியம், முடிவிலும் சுழியம். ஜப்பானிய வினையிலும் இறந்தகால விகுதி உண்டு, மெய்கள் அடுக்கி முடியும் சொல் கிடையாது. பன்மை விகுதியைக் கட்டாயமாகப் போடும் பழக்கம் ஜப்பானிய மொழியில் இல்லை. வெஸ்ஸின் ஆங்கிலப் பன்மையும் 5 சதவீதத்தில் தொடங்கி 43-ஐத் தாண்டவில்லை.

‘யெஸ்டர்டே’ இருக்க ‘ஈடி’ எதற்கு

ஏழு சதவீதத்தோடு ஒரு மனிதர் அமெரிக்காவில் வேலை பார்த்து, வாடகை கொடுத்து, கடையில் சாமான் வாங்கி எப்படி வாழ முடிந்தது? வினையடை காப்பாற்றுகிறது. ‘ஐ வொர்க் யெஸ்டர்டே’ என்று சொன்னால் கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். ‘யெஸ்டர்டே’ போட்ட பிறகு ‘ஈடி’ சேர்ப்பது, கேட்பவரைப் பொறுத்தவரை, ஏற்கனவே சொன்னதை இன்னொரு முறை சொல்வதுதான்.

இது ஆல்பெர்ட்டோவின் தனிக்குணம் இல்லை. 1980-களில் ஐரோப்பிய அறிவியல் அறக்கட்டளை, ஐந்து நாடுகளில் குடியேறிய தொழிலாளர்களின் மொழியைப் பல வருடம் தொடர்ந்து பதிவுசெய்தது. வொல்ஃப்காங் கிளைனும் கிளைவ் பெர்டியூவும் அதிலிருந்து கண்டது இது: எந்தத் தாய்மொழிக்காரரும், எந்த நாட்டில் குடியேறினாலும், ஒரு கட்டத்தில் விகுதி இல்லாத வினைகளை வைத்துக்கொண்டு, காலத்தை வினையடைகளாலும் நிகழ்ச்சிகளைச் சொல்லும் வரிசையாலும் மட்டுமே காட்டுகிறார்கள். முதலில் நடந்ததை முதலில் சொல்வது, தொடக்கத்தில் ஒரு ‘அப்போது’, நடுவில் ஒரு ‘அப்புறம்’. சிலர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறார்கள், பலர் அங்கேயே குடியிருந்துவிடுகிறார்கள். தாராளமாகக் கதை சொல்லலாம் என்பதால் அவசரமும் இல்லை.

பாடம் சொல்லித்தருகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இறந்தகாலப் பயிற்சித் தாளில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இரண்டு வருடத்துக்கு முன்’ என்று ஒரு வினையடையைத் தூவி வைக்கிறார்கள், உதவி என்று நினைத்துக்கொண்டு. மாணவர் ‘லாஸ்ட் வீக்’கைப் பார்த்தவுடனே விடையைப் போட்டுவிடுவார். வினைச்சொல்லின் வாலைப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர் இதை ஒரு கொள்கையாகவே சொன்னார்: ஒரே பொருளைச் சொல்லும் விகுதியும் பொருள் கொண்ட முழுச்சொல்லும் சேர்ந்து வந்தால், கற்பவர் சொல்லைப் பிடித்துக்கொண்டு விகுதியை விட்டுவிடுவார். தெரேசா காடியெர்னோ 1995-ல் வெளியிட்ட சோதனையில் இதே அணுகுமுறையை எதிர்த்திசையில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு ஸ்பானிஷ் படிக்கும் மாணவர்களிடம், ஸ்பானிஷ் இறந்தகாலத்துக்குப் பயன்படுத்தினார். வினையடையை எடுத்துவிட்டு, வாக்கியம் நேற்றையதா இன்றையதா என்று வினையை மட்டும் பார்த்துச் சொல்ல வைப்பதே பயிற்சி. அந்த முறையில் படித்தவர்கள் வழக்கமான முறையில் படித்தவர்களைவிட வாக்கியங்களைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள், எழுதுவதிலும் பின்தங்கவில்லை.

பாடம் நடத்திப் பார்த்தார்கள்

ஆல்பெர்ட்டோவுக்கு யாரும் இறந்தகாலப் பாடம் எடுக்கவில்லை. ஆனால் எதிர்மறை வாக்கியத்துக்கு எடுத்தார்கள். பத்து மாதப் பதிவு முடிந்த பிறகு, ஏழு மாதம், சளைக்காமல். சோதனைபோலக் கேட்டு வாங்கியபோது சரியான வாக்கியங்கள் 22-லிருந்து 64 சதவீதம் ஆயின. இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது? 20 சதவீதம். பயிற்சிக்கு முன்னால் எங்கே இருந்தாரோ ஏறக்குறைய அங்கேயே.

இதைப் படித்துவிட்டு ‘இலக்கணப் பாடம் வீண்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. ‘நோ’ போட்டுப் பேசியபோது ஒருவரும் அவரைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. புரிகிற ஒன்றை எதற்கு மாற்ற வேண்டும்? பயிற்சியில் ‘டோன்ட்’ சொன்னால் ஆசிரியருக்குத் திருப்தி, வெளியே சொன்னால் ஒரு லாபமும் இல்லை. ‘ஈடி’யின் நிலையும் அதுவே. சொல்லாவிட்டால் பொருள் கெட்டுப்போகும் என்ற இடத்தில் அதை வைக்காதவரை அது பயிற்சித் தாளிலேயே தங்கிவிடும்.

ஸ்பானிஷ் காரரின் கண்ணில் ஆங்கில இறந்தகாலம்

ஒலிக் கதவைத் திறந்தாலும் உள்ளே இன்னும் சில முடிச்சுகள் உண்டு. ஸ்பானிஷில் எளிய இறந்தகாலம் இரண்டு. ‘திராபாஹே’ என்றால் வேலை செய்தேன், அத்தோடு முடிந்தது. ‘திராபாஹாபா’ என்றால் செய்துகொண்டிருந்தேன், அல்லது செய்வது வழக்கம். ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது வடிவத்துக்கு ஒரே ஒரு பங்காளி இல்லை. செய்துகொண்டிருந்ததற்கு ‘வாஸ் வொர்க்கிங்’, வழக்கத்துக்கு ‘யூஸ்ட் டு வொர்க்’, அல்லது ‘எவ்ரி டே’ ஒன்றைச் சேர்த்துவிட்டு வெறும் ‘வொர்க்ட்’. மாணவர் பொதுவாக ‘வாஸ் வொர்க்கிங்’கையே எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொள்வார். சின்ன வயதில் ஞாயிறுதோறும் பந்து விளையாடியதை ‘ஐ வாஸ் பிளேயிங் எவ்ரி சண்டே’ என்பார். ஸ்பானிஷில் விகுதி பார்த்த வேலையில் பாதியை ஆங்கிலத்தில் ‘எவ்ரி சண்டே’தான் பார்க்கிறது என்று காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் வினையடை எதிரி இல்லை, கூட்டாளி.

எந்த நாட்டு ஸ்பானிஷ் என்பதும் கணக்கில் வரும். மாட்ரிட்காரர் இன்று காலையில் பார்த்ததை இரவு எட்டு மணிக்குச் சொல்லும்போதும் ‘எ பிஸ்தோ’ என்பார், சொல்லுக்குச் சொல் ‘ஐ ஹேவ் சீன்’. ஆங்கிலத்தில் அந்த நேரத்துக்கு ‘ஐ சா’தான் வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘பி’ என்று எளிய இறந்தகாலத்தையே சொல்வார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே பாடப்புத்தகத்தை இருவர் கையிலும் கொடுத்து ஒரே பிழையை எதிர்பார்ப்பது அபத்தம்.

‘முன்பு’ என்பதைச் சொல்லும் ‘எகோ’ ஸ்பானிஷில் தலைகீழ். ‘ஆசே தோஸ் ஆன்யோஸ்’ என்று முன்னால் வரும், ஆங்கிலத்தில் ‘டூ இயர்ஸ் எகோ’ என்று பின்னால். ‘எகோ டூ இயர்ஸ்’ என்று எழுதுவது அதனால்தான். ‘லா செமானா பாசாதா’ என்பதிலுள்ள ‘லா’வை விடாமல் ‘த லாஸ்ட் வீக்’ என்பார்கள். ‘இன்னும்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘தோதாபியா’ ஒன்று போதும், ஆங்கிலம் ‘ஸ்டில்’, ‘யெட்’ என்று இரண்டாகப் பிரிக்கும். இவை எல்லாம் சில்லறை, நாலு முறை திருத்தினால் போய்விடும்.

போகாதது ‘இவென்சுவலி’. ஸ்பானிஷில் ‘எபென்துவால்மென்தே’ என்றால் ‘ஒருவேளை, சந்தர்ப்பம் வந்தால்’. ஆங்கிலத்தில் ‘கடைசியில் ஒருவழியாக’. ‘இவென்சுவலி ஹி பெய்ட்’ என்று ஒரு கடிதத்தில் வந்தால் ஆங்கிலக்காரருக்குப் பணம் வந்து சேர்ந்துவிட்டது. ஸ்பானிஷ்காரர் ‘அவர் கட்டியிருக்கலாம்’ என்று படித்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். நடந்து முடிந்த செயலை நடந்ததா இல்லையா என்று ஆக்கிவிடுகிற வினையடை இது, அதுவும் இறந்தகால வாக்கியத்தின் முதல் சொல்லாக. ‘ஆக்சுவலி’யும் இதே ரகம்: ‘ஆக்துவால்மென்தே’ என்றால் ‘தற்போது’. இறந்தகாலக் கதை ஒன்றின் நடுவில் ‘ஆக்சுவலி’ வந்தால் கதை நிகழ்காலத்துக்குத் தாவிவிட்டதாக நினைப்பார்கள்.

‘லி’ விகுதி வினையடைகளில் சிரமம் குறைவு, ‘மென்தே’ என்று ஏற்கனவே ஒன்று கையில் இருக்கிறதே. ஆனால் இரண்டு வினையடை அடுத்தடுத்து வந்தால் ஸ்பானிஷ் முதலாவதில் ‘மென்தே’யை விட்டுவிடும்: ‘லெந்தா இ கிளாராமென்தே’. அதே சிக்கனத்தில் ‘ஸ்லோ அண்ட் கிளியர்லி’ என்று எழுதுவார்கள். அசிரத்தை என்று சிவப்பு மையால் சுழித்துவிடுவதற்கு முன்னால், அது அவர்கள் மொழியில் சுத்தமான இலக்கணம் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

எந்த வரிசை

வழக்கமான பாடத்திட்டம் முதலில் ‘வாஸ், வெர்’, அப்புறம் ‘ஈடி’யும் அதன் எழுத்துக்கூட்டு விதிகளும், கடைசியில் ஒழுங்கற்ற வினைகளின் நீண்ட பட்டியல் என்று போகும். விதி எளிது என்பதால் ‘ஈடி’ முதலில். ஆல்பெர்ட்டோவின் எண்கள் இதைத் தலைகீழாக்கச் சொல்கின்றன. ‘ஹேட்’, ‘டிட்’, ‘செட்’, ‘வென்ட்’, ‘காட்’, ‘மேட்’, ‘கேம்’, ‘சா’, ‘டுக்’: பேச்சில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகள் எல்லாம் ஒழுங்கற்றவைதான். காதிலும் தெளிவாக விழும். அவற்றோடு ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் நைட்’, ‘எகோ’, ‘தென்’ ஆகியவற்றைக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே கதை சொல்ல ஆரம்பித்துவிடலாம்.

‘ஈடி’க்கு வரும்போது ‘வொர்க்ட்’டில் தொடங்கக் கூடாது. ‘வான்டெட்’, ‘நீடெட்’, ‘வெயிட்டெட்’ ஆகியவற்றில் விகுதி ஒரு முழு அசையாக நிற்கிறது, யாருக்கும் தப்பாது. ஒரு ஆபத்து உண்டு: இதைப் பிடித்துக்கொண்டு ‘வொர்க்கெட்’, ‘லிவெட்’ என்று எல்லாவற்றுக்கும் அசை சேர்ப்பார்கள். பரவாயில்லை. விகுதி இல்லாமல் சொல்வதைவிட அதிகமாகச் சொல்வதைத் திருத்துவது எளிது. திருத்த ஒரு நல்ல வழி, அடுத்த சொல்லை உயிரெழுத்தில் தொடங்க வைப்பது. ‘லுக்ட்’ தனியாக நின்றால் கடினம், ‘லுக்ட் அட்’ என்றால் அந்த ‘ட்’ அடுத்த அசைக்குத் தாவி ‘லுக்-டட்’ ஆகிவிடும். மெய் நெரிசல் வாக்கியத்துக்குள்ளேயே அவிழ்ந்துவிடுகிறது. ‘வாக்ட் இன்’, ‘ஸ்டாப்ட் இட்’, ‘லிவ்ட் ஆன்’ என்று இரட்டை இரட்டையாகப் பழக்கிவிட்டு, வெறும் ‘வாக்ட்’டைக் கடைசியில் கேட்கலாம்.

அதற்கடுத்து வினையடையை உருவ வேண்டும். ‘ஐ லிவ் இன் பாஸ்டன்’, ‘ஐ லிவ்ட் இன் பாஸ்டன்’ என்று கலந்து சொல்லி, இந்த ஆளுக்குக் கடிதம் பாஸ்டன் முகவரிக்குப் போட வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டும். பிறகு அவர்களைச் சொல்லவிட்டுப் பக்கத்து மாணவர் முடிவெடுக்கட்டும். விகுதி விழுந்தால் கடிதம் தப்பான வீட்டுக்குப் போகும். மதிப்பெண்ணையும் இங்கேதான் போட வேண்டும், பயிற்சித் தாளில் போட்டால் ஆல்பெர்ட்டோவின் 64 சதவீதம்தான் கிடைக்கும்.